பேரனின் முடி விஷயமாக

அன்புள்ள கயலுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. முருங்கை இந்த வருஷம் பேய்க்காய்ப்பு. பறித்துப் பறித்துத் தெருவுக்கெல்லாம் கொடுத்தாயிற்று.

பேரனுக்கு முடி வளர்ந்து கண்ணில் விழுகிறது என்று அம்மா போட்டோவைக் காட்டினாள். இப்போதைக்கு வெட்ட வேண்டாம். மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள், புனேயிலும் காலையில் குளிர் இருக்கும். அடுத்து பங்குனி. மொட்டைத் தலைக்குப் பங்குனி வெயில் ஆகவே ஆகாது.

மொட்டை என்று நீ சொல்லவில்லை. நானாகத்தான் எழுதிவிட்டேன். சரி, எழுதியது எழுதியதாக இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை அத்தை வந்திருந்தாள். காபியைக் குடித்துவிட்டு, போகிற போக்கில், "கயல் போன் பண்ணினா, நம்ம சாஸ்தா எதுன்னு கேட்டா" என்றாள். குலதெய்வக் கோயிலைக் கேட்டிருக்கிறாய். முதல் மொட்டை அங்கேதானே போடுவார்கள். அம்மா சட்டென்று அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்படியென்றால் அவளுக்கும் தெரியும். மூன்று வாரமாக நீ என்னோடு பேசாததற்குக் காரணம் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அத்தையிடம் கேட்டவள் என்னிடம் ஏன் கேட்கவில்லை? நான் என்ன கடித்தா விடுவேன்?

கடிப்பேன் என்று நினைத்திருப்பாய். நினைக்கிற மாதிரித்தான் நான் நடந்திருக்கிறேன்.

உன்னைப் பள்ளியில் சேர்க்கும்போது சாதி, மதம் இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டேன். அவை இல்லாமலே சேர்க்கலாம் என்று 1973-லேயே அரசாணை உண்டு. அதன் நகலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் வாதாடி ஜெயித்தேன். நீ வாசலில் நின்று செருப்பைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு அன்று பெருமை தாங்கவில்லை. இன்றைக்கும் அதில் வருத்தம் ஒன்றுமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அந்தத் தட்டு விஷயம் இருக்கிறதே. பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு தட்டுக்கு என்ன குறைச்சல். தீபாவளிக்கு எதிர்வீட்டு அதிரசம், கிறிஸ்துமஸுக்கு டீச்சர் வீட்டுக் கேக், நோன்புப் பெருநாளைக்கு மேலப்பாளையத்திலிருந்து பிரியாணி. எல்லாம் நம் வீட்டுக்கு வரும். "நாம எப்பப்பா குடுப்போம்?" என்று கேட்டாய். பொங்கலுக்கு என்றேன். "பொங்கலுக்குத்தான் எல்லார் வீட்லயும் பொங்கல் இருக்கே" என்றாய். அதற்கு நான் பதில் சொன்னதாக ஞாபகம் இல்லை.

என் கதை வேறு. எனக்குப் பதினாறு வயதுவரை உன் ஆச்சி திருநீறு பூசிவிட்டாள். அதன்பிறகு விடுதலை பத்திரிகை படித்தேன், கூட்டங்களுக்குப் போனேன், சண்டை போட்டு அதை அழித்தேன். கல்யாணமும் மாலை மாற்றித்தான். சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று 1967-ல் அண்ணா கொண்டுவந்த சட்டம் இருந்ததால் யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கு எதிர்த்து நிற்க ஒரு வீடு இருந்தது. உனக்கு நான் எல்லாவற்றையும் துடைத்து வைத்துக் கொடுத்தேன். யார் சொன்னாலும் சொந்த அறிவால் யோசித்துப் பார் என்றுதான் பெரியார் சொன்னார். நீ யோசித்து முடிக்கும்வரை நான் காத்திருக்கவில்லை. உனக்குப் பதிலாக நானே யோசித்துவிட்டேன்.

எங்கே ஆரம்பித்தேன்? முடி. காலையில் தலைக்குத் தண்ணீர் ஊற்றினால் நன்றாகத் துவட்டு. ஈரத்தோடு விடாதே.

அத்தைக்கு நம் சாஸ்தா எதுவென்று தெரியாது. உன்னிடம் சொல்லியிருப்பாள். வழி தெரியாதவர்கள் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகலாம், அவர்தான் ஆதி சாஸ்தா என்று அத்தை சொன்னதற்கு, நீ, "இல்ல, நம்மது எதுன்னு தெரியணும்" என்றாயாம். அது ஏன் யாருக்கும் தெரியாமல் போனது என்று அத்தை சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்கே தெரியாது.

நீ ஏழாவது படிக்கிறபோது, பங்குனி உத்திரத்துக்கு முந்தின வாரம், ஆச்சி என்னைக் கூப்பிட்டாள். அவளுக்கு நடை போய்விட்டது. "ஏல அய்யா, எனக்குப் பொறவு யாருக்குத் தெரியும்? வழியைச் சொல்லுதேன், ஒரு தாள்ல எழுதி வையி" என்றாள். தாலுகா ஆபீஸ் உத்தியோகம் எனக்கு. தெருவுக்கே மனு எழுதிக் கொடுத்த கை. "இந்தக் கிறுக்குத்தனத்துக்கெல்லாம் நான் பேனா எடுக்க மாட்டேன்" என்றேன். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கேட்டாள். நான் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன். ஆடியில் போய்விட்டாள்.

படிக்கத் தெரியாதவள் கேட்டது ஒரு தாள். அதை இத்தனை வருஷம் உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

எனக்கு ஞாபகம் இருக்கிறதை எழுதுகிறேன். ஸ்ரீவைகுண்டம் போகிற பஸ். வெயிலுக்கு முன்னால் இறங்கிவிடுவோம். ஒரு குளத்தங்கரை, அதன் முடிவில் இரட்டைப் பனை. அப்புறம் உடங்காடு, ஒரே முள், ஆச்சி என்னை இடுப்பில் தூக்கிக்கொள்வாள். சாஸ்தாவுக்குக் கிழக்கே ஒரு பேச்சியம்மன். கிணற்றுத் தண்ணீர் இனிக்கும். பஸ்ஸிலிருந்து இறங்கும் ஊரின் பெயர்தான் வரமாட்டேன் என்கிறது. ஆழ்வார்திருநகரியில் ஆச்சி வழிப் பங்காளி ஒருவர் இருக்கிறார், எண்பது தாண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். இந்தத் தடவை பேனாவோடு.

தெரிந்தால் உடனே எழுதுகிறேன். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டதாக நினைக்காதே, மாப்பிள்ளையிடமும் அப்படிச் சொல்லிவிடாதே. நீங்கள் வந்தால் நானும் வருவேன், குளத்தங்கரை வரைக்கும். மொட்டை போட்டதும் பையனைத் துவட்டி உடனே என்னிடம் அனுப்பு. அங்கே நிழல் இருக்காது. ஒரு குல்லா வாங்கி வைக்கிறேன், தலை அளவை மட்டும் அளந்து சொல்.

அன்புடன்
அப்பா