ஓடிப்போன சண்டியரின் பாட்டு: அசுசேனா மைசானிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அசுசேனா மைசானி அவர்களுக்கு,

1928இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் மேடையில் நீங்கள் முதன்முதலாகப் பாடிய 'மலெவாஹே' (சண்டியர் கூட்டம்) என்ற டாங்கோப் பாட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன். என்ரிக்கே சாந்தோஸ் டிஸ்ஸேபொலோ வரிகள், ஹுவான் தெ தியோஸ் பிலிபெர்த்தோ மெட்டு. உங்கள் ஊரின் ஆட்டமும் பாட்டுமான டாங்கோவில் காதலுக்கும் பஞ்சமில்லை, கத்திக்கும் பஞ்சமில்லை. ஆனால் ஒரு ஆம்பிளை பயந்து ஓடியதைச் சொல்லி என்னைக் கலங்கவைத்த பாட்டு இதுதான்.

பாடுகிறவன் ஒரு பேட்டைச் சண்டியர். கப்பலேறி வந்த ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த அந்த ஊரின் ஓரங்களில், அவனுக்குச் சொத்தென்று இருப்பது பேர் ஒன்றுதான். ஒருநாள் ஒருத்தி நிமிர்ந்த தலையோடு, டாங்கோ நடையில் அவனைக் கடந்துபோகிறாள். பார்த்த மாத்திரத்தில் அத்தனையும் போயிற்று. காதில் செருகிய துண்டு சிகரெட்டைக்கூட நீ மிச்சம் வைக்கவில்லையே என்று அவளிடம் புலம்புகிறான். கூட்டாளிகள் ஒன்றும் புரியாமல் பார்க்கிறார்கள். இனி கோயிலுக்குப் போய் முட்டிபோட்டு ஜெபிப்பதுதான் பாக்கி என்கிறான்.

இதுவரை சிரித்துக்கொண்டே கேட்கலாம். அடுத்து வருகிறது அந்த இடம். நேற்று ஒரு சண்டை. எங்கே கொன்றுவிடுவேனோ என்று பயந்து, மோதாமல் ஓடிவிட்டானாம். ஒன்று ஜெயில், இல்லாவிட்டால் சாவு. எதுவானாலும் இனி அவளைப் பார்க்க முடியாதே என்று நினைத்ததும் உடம்பு நடுங்கிவிட்டதாம்.

கத்திக்குத்துக்கு அஞ்சாதவன் அவன். கண் முன்னால் கூட்டாளிகள் நிற்க, பேர் கெட்டாலும் பரவாயில்லை என்று திரும்பி ஓட எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அதை அவளிடமே வாய்விட்டுச் சொல்ல இன்னும் எவ்வளவு வேண்டும்!

அந்தக் காலத்து மற்ற பாட்டுகளோடு வைத்துப் பார்க்கிறேன். 'அ லா லூஸ் தெல் காந்தீல்' பாட்டில், மனைவியையும் நண்பனையும் கொன்றவன் அவள் சடையையும் அவன் இதயத்தையும் சாட்சியாகக் கொண்டுவந்து போலீஸிடம் சரணடைகிறான். டாங்கோவின் பெரும் பாடகர் கார்லோஸ் கார்டெல் அதைப் பாடும்போது குரல் என்னவோ உருகத்தான் வைக்கிறது. என்னால் மட்டும் அந்தக் கொலைகாரனுக்காக அழ முடிந்ததில்லை. 1931இல் வந்த 'தோமோ இ ஒப்லீகோ'வில், ஏமாற்றியவளைக் கொல்லாமல் எப்படித்தான் என்னை அடக்கினேனோ என்று ஒருவன் குடித்துக்கொண்டே வியக்கிறான். கடைசியில், ஆண்பிள்ளை அழக்கூடாது என்று உபதேசம் வேறு. உங்கள் சண்டியரோ அதற்கு மூன்று வருஷம் முன்பே ராத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாயிற்று.

அதை ஒரு பெண் பாடியதுதான் எனக்குப் பெரிய விஷயம். புல்வெளிகளில் குதிரையேறி மாடு மேய்க்கும் காவுச்சோ ஆண்களின் உடையில் மேடையேறி, 'லா ஞாத்தா காவுச்சா' (சப்பைமூக்குக் காவுச்சோப் பெண்) என்றே பேர் வாங்கியவர் நீங்கள். பாட்டில் அந்தப் பெண்ணுக்கு ஒரு வரி பேச்சுகூட இல்லை. டிஸ்ஸேபொலோ மேல் எனக்குள்ள ஒரே வருத்தம் அது. ஆனால் பாட்டு உங்கள் வாய்க்கு வந்ததும், ஒரு ஆணின் பயத்தை ஒரு பெண் வாங்கி, கொஞ்சமும் கேலி செய்யாமல் ஊரறியச் சொல்கிறாள். கார்டெலும் இதைப் பாடியிருக்கிறார். அவர் குரல் எனக்கு உயிர். இருந்தாலும் இந்தப் பாட்டை நான் எப்போதும் உங்களிடம்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ரசிகை