மிளகாய்ப்பழச் சிவப்பு

ஈஸ்ட் ஹாம், லண்டன்
ஆகஸ்ட் 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? உங்கள் இருவருக்கும் விசா வந்துவிட்டது என்று தம்பி சொன்ன மறுநாளே சிங்ஃபோர்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். டவர் பிரிட்ஜ், அரண்மனை எல்லாம் அம்மாவுக்கு. உங்களுக்கென்று ஒரு நாள் தனியாக ஒதுக்கியிருக்கிறேன்.

லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் மாறினால் கடைசி ஸ்டேஷன் சிங்ஃபோர்டு. அங்கிருந்து நடைதான். எப்பிங் காட்டின் ஓரத்தில் 18 குழி கோல்ஃப் மைதானம். அங்கே கிளப் ஆரம்பித்தது 1888இல். நம் கொடைக்கானல் கிளப்புக்கு ஏழு வயது மூத்தது. ஆனால் மெம்பராக இருக்க வேண்டியதில்லை. காசு கட்டினால் யாரும் ஆடலாம்.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆடுகிறவர்கள் சிவப்பு உடுத்தியே ஆக வேண்டும், சட்டையோ பேன்ட்டோ ஏதாவது ஒன்று. காடு எல்லோருக்கும் பொது என்பதால் நாயோடு நடப்பவர்கள், பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுபவர்கள் எல்லாரும் மைதானத்தின் குறுக்கேதான் போகிறார்கள். யார் பந்தடிக்கிறார்கள் என்று அவர்களுக்குத் தூரத்திலேயே தெரிய வேண்டுமாம். நான் இதெல்லாம் தெரியாமல் போனைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். "ஃபோர்!" என்று ஒரு எச்சரிக்கைச் சத்தம். கோல்ஃப் பை தூக்கும் கேடியின் மகன் அல்லவா, நிமிர்ந்து பார்க்கவில்லை. தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குனிந்துவிட்டேன். பந்து பக்கத்துப் புல்லில் தொப்பென்று விழுந்தது. சிவப்பு ஸ்வெட்டர் போட்ட பாட்டி ஒருவர் அங்கிருந்தே கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டார்.

காட்டுக்குள் போனால் ஹார்ன்பீம், பீச் மரங்கள். ஆள் உயரத்துக்குமேல்வரை ஒற்றை அடிமரம்; அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிளைகள் ஒரே இடத்தில் கிளம்பி மேலே போகின்றன. ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாக விறகுக்குக் கிளை கழித்த மரங்கள். மாடும் மானும் தளிரை எட்டிக் கடிக்கக் கூடாது என்றுதான் அந்த உயரத்தில் கழிப்பார்களாம். லவுட்டன் என்கிற பக்கத்து ஊர்க்காரர்கள் இந்த உரிமைக்காக 1866இல் ஜெயிலுக்கே போயிருக்கிறார்கள். 1878இல் சட்டம் போட்டுக் காட்டைக் காப்பாற்றினார்கள். அதோடு கழிப்பதும் நின்றுபோய், கிளைகளெல்லாம் தூண் மாதிரி பருத்துவிட்டன. அப்பத்தா விறகுக்கட்டோடு இறங்கி வரும் பாதை ஞாபகம் வந்தது.

நம்மூர்க் காட்டுமாடு இங்கே இல்லை. நீளக் கொம்பு மாடுகள் மேய்கின்றன. வேலி கிடையாது. கழுத்தில் ஒரு பட்டை. எல்லையை நெருங்கினால் அது சத்தம் போடும், மாடு திரும்பிவிடும். உங்களுக்கு அதைக் காட்ட வேண்டும்.

அக்டோபர் இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை போகலாம். சனி ஞாயிறு கூட்டத்தில் உங்களுக்குக் கை ஓடாது. பீச் இலை அப்போது மஞ்சளாக ஆரம்பித்திருக்கும்; பந்து அதில் விழுந்தால் தேடுவது கஷ்டம்தான், ஆனால் உங்கள் கண்ணுக்குத் தப்பாது. கோல்ஃப் கட்டைகளை ஆபீஸ் நண்பர் தருகிறேன் என்றார்.

அங்கே கேடி யாரையும் நான் பார்க்கவில்லை, அவரவர் பையை அவரவரே இழுக்கிறார்கள். பையை நான் தூக்கிக்கொள்கிறேன். எந்தக் கட்டை என்று மட்டும் நீங்கள் சொல்லிவிட வேண்டும். எனக்கு இன்னும் ஏழாம் நம்பருக்கும் ஒன்பதாம் நம்பருக்கும் வித்தியாசம் தெரியாது.

அம்மா அந்த மெரூன் ஸ்வெட்டரைப் பெட்டியில் வைக்கிறேன் என்கிறாள். அது வேண்டாம். கடைவீதியில் நல்ல மிளகாய்ப்பழச் சிவப்பாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இங்கே விலை ஜாஸ்தி.

உங்கள் மகன்,
முருகன்