அணில் வேட்டைச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அணிலைத் தேடிக் காடெல்லாம் அலைவதை விட்டுவிட்டு, அணில் வந்தே தீரும் மரத்தைக் கண்டுபிடிக்கப் பழகுவோம் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் முடிவு செய்திருந்தோம். அதன்படி வேட்டைப் பருவம் தொடங்குமுன் ஆகஸ்ட் மாத நடைகளை முழுக்க இதற்கே ஒதுக்கினோம். துப்பாக்கி கிடையாது, பைனாகுலர் மட்டும். புதிதாகச் சேர்ந்த சிலர் முகம் சுளித்தார்கள். பருவம் முடிந்தபோது அதிகம் பேசியவர்களும் அவர்கள்தான்.

ஹிக்கரி என்னும் கொட்டை மரத்தில் தொடங்கினோம். இங்கே அமெரிக்கக் கிழக்குக் காடுகளில் செப்டம்பர் பிறந்ததும் சாம்பல் அணில்கள் மொய்ப்பது அதில்தான். ஷாக்பார்க் ஹிக்கரியைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். பட்டை நீள நீளமாக உரிந்து, நுனி வெளிப்பக்கம் வளைந்து நிற்கும். மற்ற ஹிக்கரிகளில்தான் குழப்பம். ஒரே காம்பில் பல சிற்றிலைகள் கொண்ட கூட்டிலையைப் பார்த்துப் பலர் ஆஷ் மரத்தை ஹிக்கரி என்று குறித்துக்கொண்டு வந்தார்கள். ஆஷில் இலைகள் கிளையில் எதிரெதிரே ஜோடியாக இருக்கும், ஹிக்கரியில் மாற்றி மாற்றி வரும். ஆஷ் கொட்டை காய்க்காது; அதனடியில் விடிய விடிய உட்கார்ந்தாலும் கொசுக்கடிதான் மிச்சம். மொட்டு கந்தக மஞ்சளாக இருந்தால் அது பிட்டர்நட் ஹிக்கரி. அதன் கொட்டை கசக்கும், அணிலுக்கும் அது கடைசிப் பந்திதான்.

ஓக் மரங்களுக்குத்தான் அதிக நேரம் செலவானது, அது தகும். இலையின் மடல்கள் உருண்டையாக இருந்தால் வெள்ளை ஓக். மடல் நுனியில் முள்போல் ஒரு முடி நீட்டிக்கொண்டிருந்தால் சிவப்பு ஓக் இனம். வெள்ளை ஓக் கொட்டையில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் குறைவு, கசப்பும் குறைவு. அது விழுந்த கொஞ்ச நாளில், அந்த இலையுதிர் காலத்திலேயே முளைவிட்டுவிடும். அதனால் அணில் அதைச் சூட்டோடு சூடாகத் தின்றுவிடுகிறது. சேர்த்துவைக்க நினைத்தால், முளைக்கருவைக் கடித்தெறிந்த பிறகே புதைக்கும். சிவப்பு ஓக் கொட்டை வசந்தம் வரை முளைக்காது, எனவே குளிர்காலச் சேமிப்புக்கு அதுதான். ஆக, அக்டோபரில் வெள்ளை ஓக். பனி விழுந்த பிறகு சிவப்பு ஓக் நிற்கும் மேட்டுப் பகுதி. இந்த ஆண்டு நாம் கற்றதில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

ஆனால் மரத்தின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது. மூத்த உறுப்பினர் ஒருவர், போன வருஷம் கொட்டோ கொட்டென்று கொட்டிய வெள்ளை ஓக்கை விட்டு நகர மறுத்தார். இந்த வருஷம் அதில் ஒரு கொட்டைகூட இல்லை. வசந்தத்தில் பூக்கும் நேரத்தில் காலம் தப்பி உறைபனி விழுந்தால் வெள்ளை ஓக்கில் அதே ஆண்டு விளைச்சல் போய்விடும். சிவப்பு ஓக் கொட்டை முற்ற இரண்டு பருவங்கள் ஆவதால், அடி அடுத்த ஆண்டில்தான் தெரியும். 1967-ல் நன்றாக விளைந்து 1968-ல் பொய்த்தபோது, கிழக்கு மாநிலங்களில் அணில்கள் கூட்டம் கூட்டமாக இடம்பெயர்ந்தன. ஆகவே ஆகஸ்டிலேயே அண்ணாந்து பார்த்து, காய் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அப்புறம் தரையைப் பார்க்க வேண்டும். காய்த்த ஹிக்கரியின் அடியில் கொறித்துப் போட்ட கொட்டைத்தோல் துணுக்குகள் சிதறிக் கிடக்கும். பச்சையாக, ஈரமாக, விரலில் ஒட்டினால் அணில் அன்று காலைதான் உட்கார்ந்திருந்தது. பழுப்பேறி உலர்ந்திருந்தால் வேறு மரம் பாருங்கள். காற்றில்லாத காலையில் இலைகள்மேல் துணுக்குகள் பொலபொலவென்று உதிர்வது நன்றாகவே கேட்கும், ஆனால் கைபேசியை அணைத்துவைத்தவர்களுக்கு மட்டும்.

மற்ற கொட்டை மரங்களில், பீச் (beech; பழம் தரும் peach அல்ல) மரத்துக்குச் சாம்பல் நிற வழவழப்பான பட்டையே அடையாளம். கறுப்பு வால்நட்டின் பச்சைத் தோல் கையில் பட்டால் கறை பல நாள் போகாது, கையுறை கொண்டுவாருங்கள்.

பாதுகாப்பு பற்றி ஒன்று. மரத்தில் இருக்கும் அணிலைச் சுடும்போது பின்னால் அடிமரமோ மேடோ இருக்க வேண்டும். சிறிய .22 அங்குலத் தோட்டாகூட ஒன்றரை மைல்வரை போகக்கூடியது. அணில் இலைகளால் கட்டிய கூட்டை நோக்கிச் சுடுவதும் வேண்டாம். உள்ளே குட்டி இருக்கலாம், அடிபட்டது உள்ளேயே சிக்கியும் போகலாம். இதில் இருமுறை எச்சரிக்கை பெற்றவர் நடைகளில் கலந்துகொள்ள முடியாது என்று செயற்குழு தீர்மானித்துள்ளது.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். எந்த மரம் எந்த ஆண்டு காய்த்தது என்று குறிக்கும் வரைபட ஏட்டை இந்த ஆண்டு தொடங்கியிருக்கிறோம். அதைப் பராமரிக்க ஒருவர் தேவை, கையெழுத்து புரியும்படி இருந்தால் போதும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிவதற்குள் பெயர் கொடுக்கவும்.

இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்