கோமுவுக்கு: அந்த 4.1 பற்றி

அன்புள்ள கோமு,

உலோகம் அளக்கிற மெஷின்லயும், அதுக்கு முன்னாடி சிரிஞ்சால சாம்பிளைத் தானே நீர்க்க வைக்கிற டைலூட்டர்லயும் ஓட்டினதுக்கு நீ அனுப்பின ரன் ஷீட் வந்து மூணு வாரம் ஆச்சு. பதில் போடாததுக்குச் சாக்கு எதுவும் இல்லை, திட்டிக்கோ. வீட்டில எல்லாரும் சௌக்கியம். பத்மா அக்கா விஷயத்தை இதுல எழுத ஆரம்பிச்சா காகிதம் பத்தாது, அது தனிக் கடிதம்.

ஷீட்டை நேத்து ராத்திரிதான் வரிவரியாப் பார்த்தேன். 14ஆவது டியூப்: கடல் தண்ணி, 20 மடங்கு நீர்த்தது, ஸ்ட்ரான்ஷியம் 4.1 பிபிஎம் (பத்து லட்சத்துல 4.1 பங்கு). பக்கத்திலேயே இன்டர்னல் ஸ்டாண்டர்டு (ஐஎஸ், மெஷின் சிக்னலைச் சரிபார்க்கத் தெரிஞ்ச அளவுல சேர்க்கிற தனிமம்) ரெக்கவரி 101 சதவீதம். ஓரத்துல நீ "ஐஎஸ் ஓகே, சாம்பிளே அப்படித்தான் போல"ன்னு கிறுக்கியிருக்கே. அடியே, கடல் தண்ணியில ஸ்ட்ரான்ஷியம் 8 பிபிஎம் பக்கத்துலதான் நிக்கும். உப்பு குறைஞ்சா அதுவும் அதே விகிதத்துல குறையும். மழைக்காலத்து முகத்துவாரத் தண்ணின்னா 4 வரலாம், ஆனா உன் கண்டக்டிவிட்டி (உப்பைக் காட்டுற மின்கடத்தல் அளவு) 52 மில்லிசீமென்ஸ்னு சொல்லுதே, அது முழுக் கடல் உப்பாச்சே. பாதிக் கடல் எங்கே போச்சு?

காத்துதான், சிரிஞ்ச் சாம்பிளோட அதையும் சேர்த்து இழுத்திருக்கு. கணக்குப் போட்டுப் பாரு: 250 மைக்ரோலிட்டர் சாம்பிள், 4750 டைல்யூவெண்ட் (நீர்க்க ஊத்துற ஆசிட்), மொத்தம் 5 மி.லி. 250ல பாதி காத்துன்னா டியூபுக்குள்ள விழுந்தது 125, மொத்தம் 4875. அது 20 மடங்கு இல்லை, 39 மடங்கு. சாஃப்ட்வேர் பாவம், சொன்னபடி 20ஆல பெருக்கும். 8ஐ 39ஆல வகுத்து 20ஆல பெருக்கினா 4.1. அச்சு அசலா!

சரியாக் கலக்காம அடியில உப்பும் மேலே தண்ணியுமா நின்னிருக்குமோன்னும் யோசிச்சேன். அப்படி இருந்தா மூணு ரெப்ளிகேட்டும் ஒண்ணுக்கொண்ணு சறுக்கியிருக்கும். உன் ஆர்எஸ்டி (மூணு அளவுக்கும் நடுவுல உள்ள சிதறல்) 0.8 சதவீதம். கலந்தது சரி, இழுத்ததுதான் தப்பு.

காத்து எப்படி வந்ததுன்னா, அந்தப் பாட்டில்ல வண்டல் இருக்குன்னு நீயே எழுதியிருக்கே. புரோப் (சாம்பிளை இழுக்கிற ஊசி) அடிமட்டம் வரைக்கும் போய் வண்டலை உறிஞ்சுது. ஊசி வாய் பாதி அடைச்சுது. சிரிஞ்ச் இழுத்து முடிச்சாச்சு, ஆனா தண்ணி இன்னும் புரோப்புக்குள்ள வந்து சேரலை. அதுக்குள்ள புரோப் மேலே தூக்கிடுச்சு, மிச்சத்துக்குக் காத்து ஏறிடுச்சு. புரோப் ஆழத்தை அடியிலிருந்து 10 மி.மீ. மேலே நிறுத்து. இழுக்கிற வேகத்தைப் பாதியாக்கு. இழுத்து முடிச்சதும் ஒரு செகண்டு, கெட்டியான சாம்பிள்னா ரெண்டு செகண்டு, உள்ளேயே காத்திருக்கச் சொல்லு. கரைஞ்ச உலோகம் மட்டும் போதும்னா 0.45 மைக்ரான்ல வடிகட்டிட்டே வை.

இதெல்லாம் சில்லறை. என்னைத் தூங்க விடாதது அந்த 101 சதவீதம்தான்.

உன் இன்டர்னல் ஸ்டாண்டர்டு எங்கே சேருது? டைல்யூஷன் எல்லாம் முடிஞ்சு, நெபுலைசருக்கு (தண்ணியைப் பனியாத் தூவுற பாகம்) முன்னாடி டீ-பீஸ்ல (மூணு வாய்க் குழாய்). அங்கே அது மெஷினுக்குள்ள இருக்கிற டார்ச்சையும் கோனையும் பார்க்கும், சிக்னல் சரியுதான்னு சொல்லும். மேலே சிரிஞ்ச் என்ன பண்ணுச்சுன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. சாம்பிளே இழுக்காம வெறும் ஆசிட்டை அனுப்பினாலும் 100 காட்டும். ஏன், இன்னும் அழகாக் காட்டும், உப்பு இல்லையே!

"அப்போ ஐஎஸ்ஸை டைல்யூவெண்ட்லயே கலந்துடறேன்"னு சொல்லப் போறே. எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணிச்சு. கணக்கு அதையும் கவுத்துடுச்சு. டைல்யூவெண்ட்ல இருக்கிற ஐஎஸ் 20 மடங்குல 95 சதவீதமா நிக்கும். சாம்பிள்ல பாதி காத்துன்னா 97.4. நீ ஏத்துக்கிற ஜன்னல் 80லிருந்து 120 சதவீதம் வரைக்கும், அதுல இது கொசு. போதாக்குறைக்கு 2 மடங்குல அது 50 சதவீதம், 10 மடங்குல 90, 100 மடங்குல 99. சாஃப்ட்வேர் அதைத் திருத்தலைன்னா தேவையில்லாத அலாரம் அடிக்கும், தேவையான இடத்துல வாயை மூடிக்கும்.

ஆக, சாம்பிளோட கூடவே பயணம் பண்றது எதுவோ அதுதான் சாட்சி. கடல் தண்ணிக்கு அது இலவசம்: ஸ்ட்ரான்ஷியத்தை கண்டக்டிவிட்டியோட ஒப்பிட்டா போதும். டைஜஸ்ட் பண்ற (ஆசிட்ல கரைக்கிற) சாம்பிளுக்கு நாமதான் சேர்க்கணும். லுட்டீசியம்ங்கிற உலோகத்தை எடு, நம்ம சாம்பிள் எதுலயும் பேருக்குத்தான் இருக்கும். டைஜஸ்ஷனுக்கு ஊத்துற நைட்ரிக் ஆசிட்லயே 2 பிபிஎம் வர்ற மாதிரி கலந்து வை. 5 மி.லி. ஆசிட் ஊத்தி 50 மி.லி. வரைக்கும் தண்ணியால நிரப்பினா 200 பிபிபி (ஆயிரம் பிபிபி ஒரு பிபிஎம்). 20 மடங்குல மெஷின் 10 பார்க்கும், 100 மடங்குல 2 பார்க்கும். ஃபேக்டரால பெருக்கினா எப்பவும் 200 திரும்பி வரணும். 180க்குக் கீழே போனா அந்த டியூபை மறுபடி ஓட்டு. டிஸ்பென்சர்ல ஊத்துறதால தனியா பிப்பெட் பிடிக்க வேண்டாம், பிப்பெட் ராணிப் பட்டம் பறிபோகுதேன்னு அழாதே. ஒண்ணு மட்டும்: ஐஎஸ் கலவையில லுட்டீசியம் இருந்தா அதை எடுத்துடு, இல்லாட்டி சாட்சியும் எதிராளியும் ஒரே ஆள்.

100 மடங்கு பத்திக் கேட்டிருந்தே. 50 சாம்பிளும் 4950 டைல்யூவெண்டும். 500 மைக்ரோலிட்டர் சிரிஞ்ச்ல 50ங்கிறது பத்துல ஒரு பங்கு ஸ்ட்ரோக். அதுக்குக் கீழே போகாதே. பிளஞ்சர் (சிரிஞ்சோட தண்டு) திசை மாறும்போது முதல் சில மைக்ரோலிட்டருக்கு மோட்டார் நகரும், தண்ணி நகராது. அதனால 20 கூட இழுத்து, அதை வேஸ்ட்ல தள்ளிட்டு அப்புறம் அளக்கச் சொல்லு. தராசுல பத்துத் தடவை போட்டுப் பாரு: 25 டிகிரியில 50 மைக்ரோலிட்டர் தண்ணி 49.8 மி.கி. மூடியோட எடை போடு, ஏசி காத்துல சின்னச் சொட்டு கண்ணெதிரே ஆவியாகும். தண்ணியில பாஸானதும் குதிக்காதே, கடல் தண்ணியிலயும் போடு. 250க்கு 255 மி.கி. பக்கம் வரணும். தண்ணியில நல்லவன், உப்புல திருடன்னு சில சிரிஞ்ச் உண்டு, நம்ம மெஸ் மேனேஜர் மாதிரி.

தோல் பதனிடுற ஷெட் சாம்பிளைக் குடிதண்ணியோட ஒரே ரேக்ல வைக்கிறியாமே, உனக்கு என்ன தைரியம்? குரோம் டேனிங் கழிவுல குரோமியம் 3000 பிபிஎம் சாதாரணம். புரோப்ல பத்தாயிரத்துல ஒரு பங்கு ஒட்டினாலும் அடுத்த டியூப்ல 300 பிபிபி. குடிதண்ணி வரம்பு 50. எவனோ ஒருத்தன் வீட்டுக் கிணறு உன்னால ஃபெயில். டைல்யூட் ஆனது உள்ளே போகும்போது 30 பிபிஎம் தானேன்னு நினைச்சிருப்பே. புரோப் முக்கினது 3000த்துல, தாயே. புரோப்போட வெளிப்பக்கமும் கழுவணும். அதுக்குப் பிறகு ஒரு பிளாங்க் (சாம்பிளே இல்லாத வெறும் டியூப்), அதுவும் டைலூட்டர் வழியா வந்த பிளாங்க். நேரா டியூப்ல ஊத்தி வெச்ச பிளாங்க் யாரையும் காட்டிக் கொடுக்காது. டைல்யூவெண்ட்ல ஈயம் 0.05 பிபிபி இருந்தா மெஷினுக்கு அது தூசு, 20ஆல பெருக்கினா ரிப்போர்ட்ல 1. வரம்பே 10தான்.

சிரிஞ்ச்ல குமிழி ஒட்டினா பத்து நிமிஷம் ஐசோபுரோப்பனால் ஓட்டு. தட்டித் தட்டி கண்ணாடியை உடைச்சுடாதே, பழைய கதை ஞாபகம் இருக்கில்ல.

14ஆவது சாம்பிளோட பாட்டில் இன்னும் இருந்தா, நல்லாக் குலுக்கி, வண்டல் படிய விட்டு, 20 மடங்கும் 50 மடங்கும் ரெண்டும் ஓட்டு. பத்து சதவீதத்துக்குள்ள ஒத்து வந்தா மெஷின் பிழைச்சுது. பழைய டைல்யூட் டியூப் குப்பையில போகலைன்னா அதையும் கூட ஓட்டு. அதுல மறுபடி 4.1ம் புதுசுல 8ம் வந்தா நான் சொன்னது உறுதி. ரிப்போர்ட் போயாச்சா? போயிருந்தா இன்னிக்கே ஃபோன் போட்டுத் திரும்ப வாங்கு, வெட்கப்படாதே.

நம்பர் வந்ததும் அனுப்பு. பத்மா அக்கா கதை அதுக்கப்புறம்.

அன்புடன்,
வசந்தி