நீ அனுப்பிய மணிக்கூடு

கிளிநொச்சி
22.03.2025

அன்பின் மச்சான்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடி. கட்டையன் மாங்குளத்தில் கடை திறந்துவிட்டான், அதைப் பிறகு எழுதுகிறேன்.

இரண்டு மாதம் பதில் போடாமல் இருந்தது பிழைதான், கோபிக்காதே. "கட்டிப் பார்த்துச் சொல்லு, நல்லதென்றால் மாமியின் பேரனுக்கும் கலியாணத்துக்கு இதையே எடுக்கிறேன்" என்று மார்கழியில் இந்தக் கைமணிக்கூட்டைக் கொடுத்தனுப்பினாய். இரண்டு நாள் கட்டிவிட்டு "நல்லம்" என்று ஒரு சொல் எழுத எனக்கு மனம் வரவில்லை. காலபோக அரிவு வெட்டு முடியட்டும் என்று காத்திருந்தேன். பள்ளிக்கூடம், வயல், புதுக்குடியிருப்பில் ஒரு கலியாணம், ஒரு செத்தவீடு, எல்லாவற்றுக்கும் இதைத்தான் கட்டிக்கொண்டு போனேன்.

யப்பானின் சிற்றிசன் கொம்பனியின் சுயோசா இது. பெயருக்கு யப்பான் மொழியில் வலிமை என்று அர்த்தமாம். முகத்தின் அகலம் 40 மில்லிமீற்றர் என்றதும் என் மெலிந்த கைக்குப் பெரிதாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். அப்படியில்லை. உடலும் செயினும் ஒன்றாய் வார்த்ததுபோல் வளைந்து இறங்குவதால் கையில் படிந்து கிடக்கிறது. மூன்று கண்ணி கழற்றினேன். கழற்றியதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். முறுக்கும் குமிழ் 3 மணிப் பக்கம் இல்லை, 4 மணிப் பக்கம் கீழே ஒதுங்கி நிற்கிறது. மோட்டார் சைக்கிளில் கிளச்சைப் பிடிக்கும்போது புறங்கையில் குத்தாது. இதன் அருமை பரந்தன் வீதியில் தினமும் போய் வருகிறவனுக்குத்தான் தெரியும்.

கண்ணாடி சபையர், இலேசில் கீறல் விழாத வகை. நெல்லு மூட்டை, கதவு, மேசை விளிம்பு எல்லாம் பட்டும் ஒரு கீறல் இல்லை. ஆனால் செயினின் நடுவில் பளபளவென்று ஒரு வரிசை இருக்கிறதே, அது உரசலை மறைக்காது. அந்தப் பளபளப்புத்தான் கலியாண வீட்டில் வெள்ளைச் சேட்டுக் கைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து எல்லோரையும் கேட்க வைத்தது. அந்த நீல டயல் நிழலில் கறுப்பு, வெயிலில் மயில் கழுத்து. வேட்டிக்கும் பொருந்துகிறது, வயல் வரம்பிலும் அந்நியமாகத் தெரியவில்லை. விலை கூடிய மெல்லிய மணிக்கூடுகளால் இது முடியாது. அவை கலியாணத்துக்கு மட்டும்தான்.

தண்ணீர் விஷயம்: 5 பார் அழுத்தம்வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. மழைக்கும் கை கழுவலுக்கும் பயமில்லை. இரணைமடு வாய்க்காலில் குதிக்கும்போது நான் கழற்றித்தான் வைத்தேன். பேரனுக்கும் அதைச் சொல்.

இனி உள்ளே உள்ள இயந்திரம். பின்பக்கக் கண்ணாடியால் பார்த்தால் அரைவட்ட எடை ஒன்று கை அசைய அசையச் சுற்றும். அது ஒரு பக்கம் சுற்றும்போது மட்டும்தான் சுருள்வில் ஏறும். மறுபக்கம் சும்மா வழுக்கி ஓடும். இரவில் வீடு அடங்கிய பிறகு கையைத் திருப்பினால் அந்த "சர்ர்" கேட்கிறது. முதலில் பழுதோ என்று பயந்தேன். இல்லை, அதன் அமைப்பே அப்படி.

ஒவ்வொரு நாளும் காலை 6 மணிக்குப் போனோடு ஒப்பிட்டுக் கொப்பியில் எழுதினேன். நாளுக்கு ஏறத்தாழ 11 செக்கன் முந்துகிறது. கொம்பனி சொல்லும் எல்லை 20 செக்கன் பிந்துவதிலிருந்து 40 செக்கன் முந்துவதுவரை. ஆகவே எனக்கு வந்தது நல்ல பிள்ளை. ஞாயிறு காலையில் ஒருதரம் திருத்திவிட்டால் போதும். திகதியை மட்டும் இரவு 9 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் இடையில் மாற்றக் கூடாது. பற்சில்லு திகதியைத் தள்ளுகிற நேரம் அது.

அப்புறம், முழுதாக ஏறினால் 40 மணித்தியாலம் ஓடும் என்கிறார்களே, அதையும் பார்த்துவிடுவோம் என்று ஒரு வெள்ளி மாலை 6 மணிக்குக் கழற்றி அலுமாரிக்கு மேல் வைத்தேன். ஞாயிறு மதியம் எடுத்தபோது 10.50இல் நின்றிருந்தது.

மச்சான், அந்த நிமிடம் எனக்கு மாமாவின் நினைவு வந்துவிட்டது. இவ்வளவும் எழுதியது இதைச் சொல்லத்தான்.

மாமாவின் சீக்கோ 5 மணிக்கூடு உனக்கு மறக்காது. சவூதியிலிருந்து கொண்டுவந்தது. "அந்த 5 என்னடா?" என்று நம்மைத் திண்ணையில் நிறுத்திக் கேட்பார். நீ எப்போதும் "விலை மாமா" என்பாய். தானாக ஏறும், தண்ணீர் தாங்கும், கிழமையும் திகதியும் ஒரே சாளரத்தில், குமிழ் 4 மணிப் பக்கம் ஒதுங்கியிருக்கும், உடலும் செயினும் உறுதி என்று விரல் மடிப்பார். சீக்கோ கொம்பனி 1963இல் கொடுக்கத் தொடங்கிய வாக்காம். இப்போது என் கையிலும் குமிழ் அதே இடத்தில் இருக்கிறது. அவருடையதைக் குமிழால் முறுக்க முடியாது, ஆட்டித்தான் கட்டுவார். அந்த ஆட்டல் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

போர்க்காலத்தில் வன்னிக்குள் பற்றரி வரத் தடையிருந்தபோது நம் கேசியோ மணிக்கூடுகள் ஒவ்வொன்றாகச் செத்தன. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோச் செய்தி கேட்டு, மாமா மட்டும் நேரம் வைத்துக்கொள்வார். ஒழுங்கை முழுக்க அவரிடம்தான் மணி கேட்டது. 1996இல் கொழும்பு அரசாங்கம் நேரத்தை முன்னே தள்ளியபோது, புலிகளின் பகுதியில் இருந்த நாம் பழைய நேரத்திலேயே நின்றோமே. 2006 சித்திரைவரை ஓமந்தைச் சோதனைச் சாவடி தாண்டினால் அரை மணித்தியாலம் வித்தியாசம். நீ வவுனியாவில் வானைத் தவறவிட்ட கதையை மாமி இன்னும் சொல்லிச் சிரிக்கிறா. மாமா எந்தப் பக்கம் போனாலும் முள்ளைத் தொடவில்லை. மனதுக்குள் கூட்டிக் கழிப்பார்.

போரின் கடைசியில் வட்டுவாகல் பாலம் தாண்டி வந்த அன்றும் அது அவர் கையில் இருந்தது. அகதி முகாமில் அவர் கண்மூடியபோது நீ வெளிநாட்டில், நான் பக்கத்தில். கழற்றி மாமியிடம் கொடுத்தது நான்தான். மாமி அதைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்து, இரவெல்லாம் காதில் வைத்துப் பார்த்தா. ஏன் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. என் அலுமாரியின் மேல் நின்றுபோன மணிக்கூட்டைப் பார்த்தபோதுதான் விளங்கியது. மாமாவின் கை அசைத்து ஏற்றிய வில்லு, அவர் போன பிறகும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அது நின்றதையும் மாமி தனியே கேட்டிருக்கிறா.

பதினாறு வருசமாக அது மாமியின் றங்குப்பெட்டிக்குள் கிடக்கிறது. யாழ்ப்பாணத்தில் பழைய மணிக்கூடு பார்க்கும் ஒருவரிடம் விசாரித்தேன். எண்ணெய் காய்ந்திருக்கும், கழற்றிக் கழுவி எண்ணெய் விட்டால் ஓட வாய்ப்பு உண்டு, பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன் என்றார். போன கிழமை மாமியிடம் கேட்டேன். "இருக்கட்டும் தம்பி" என்று பெட்டியை மூடிவிட்டா.

ஆகவே, நீ கேட்டதற்குப் பதில்: சுயோசா நல்ல மணிக்கூடு, அந்தக் காசுக்குத் தாராளமாக எடுக்கலாம். மஞ்சள் டயல் பார்த்தேன் என்றாய், அது வேண்டாம். பெடியனுக்குக் கறுப்பு எடு. உத்தரவாதப் பத்திரத்தோடு வாங்கு. ஆனால் வாங்குவதற்கு முன் மாமிக்கு ஒரு கோல் எடு. மாப்பிள்ளையின் கையில் மாமாவின் மணிக்கூடு ஏற வேண்டும் என்பதுதான் என் ஆசை. புதியதை நீ முதலே கொடுத்துவிட்டால் அவ தன்னுடையதை வெளியே எடுக்க மாட்டா. நான் சொன்னால் அவவுக்கு அழுகை வருகிறது. நீ கதைத்தால் கேட்பா, உன்னில் அவவுக்கு எப்போதும் தனிப் பட்சம்.

கலியாணம் ஆவணியில். எண்ணெய் விடக் கொடுத்து எடுக்க ஒரு மாதமாவது வேண்டும். இந்த ஞாயிறே எடு. பின்னேரம் 4 மணிக்குப் பிறகு அவ கோயிலுக்குப் போய்விடுவா, அதற்கு முன் எடு.

அன்புடன்,
உன் மச்சான்