நூர்பர்க்ரிங் தடமும் நமது தொழில்நுட்ப மாணவரும்

ஆசிரியர் அவர்கட்கு,

கல்லடியில் உயர்தர வகுப்புக்குப் பொறியியல் தொழில்நுட்பம் கற்பிக்கும் நான், கணினியில் கார்ப் பந்தயம் ஓட்டும் பிள்ளைகளைக் கண்டிக்கும் பெற்றோர் பலரை அறிவேன். அவர்கள் பார்வைக்கு எட்டாத ஒன்றைத் தங்கள் பத்திரிகை வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

என் மாணவன் ஒருவன் 'அசெட்டோ கோர்சா கொம்பெட்டிசியோனே' என்னும் மென்பொருளில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடத்தில் ஓடிப் பழகுகிறான். 1927 இல் திறக்கப்பட்ட அதன் வடக்குச் சுற்று மட்டும் 20.832 கிலோமீற்றர், 24 மணி நேரப் போட்டிக்குரிய முழுத் தடம் 25.378 கிலோமீற்றர். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே ஏறத்தாழ 300 மீற்றர் வேறுபாடு உண்டு. செங்கலடி–பதுளை வீதியில் லுணுகலைப் பக்கம் ஏறி இறங்கியவர்களுக்கு, மேடு கடக்கும் வரை அடுத்த வளைவு கண்ணில் படாத பாதை எப்படியிருக்கும் என்பது விளங்கும்.

சமதளமான வேறொரு தடத்துக்காக யாரோ அமைத்த, காரின் உயரம், சுருளிவில் முதலியவற்றுக்கான அளவுகளை அவன் அப்படியே எடுத்துப் பயன்படுத்தினான். தாழ்ந்த உடலும் இறுகிய சுருளிவில்களும் கொண்ட அந்தக் கார், நூர்பர்க்ரிங்கின் ஃபுளுக்பிளாட்ஸ் என்னும் மேட்டில் தரையை விட்டெழுந்து, இறங்கும்போது அடிப்பாகம் மோதிச் சுழன்றது. உடனே அவன் சுருளிவில், காற்றின் விசையால் காரின் பின்பக்கத்தைக் கீழே அழுத்தும் பின் இறக்கை, டயர் அமுக்கம், முன்-பின் சக்கரங்களுக்கிடையிலான பிரேக் பங்கீடு அனைத்தையும் ஒன்றாக மாற்றினான். எது உதவியது, எது கெடுத்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிக் கொப்பியில் எழுதி வருமாறு சொன்னேன். உடலைச் சில மில்லிமீற்றர் உயர்த்தியதும் மோதல் நின்றது. ஆனால் பின்பக்கத்தைக் கூடுதலாக உயர்த்திவிட்டதால், காற்று கீழ்நோக்கி அழுத்தும் விசை முன்சக்கரங்களின் பக்கம் நகர்ந்து, வேகமான வளைவுகளில் பின்பக்கம் நழுவியது. பின் இறக்கையை ஒரு படி கூட்டியபோது அது அடங்கியது. அதற்கு விலையாக நேர்பாதையில் வேகம் குறைந்தது.

டயர் அமுக்கந்தான் அவனை நெடுநாள் வருத்தியது. காற்று சூடேற அமுக்கம் உயருமாதலால், தொடக்கத்தில் வைக்கும் அளவைவிட ஓட்டத்தின்போது காட்டும் அளவே முக்கியம். முழுத் தடத்தில் ஒரு சுற்றுக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் செல்வதால், ஒவ்வொரு மாற்றத்தின் பலனையும் காண அவ்வளவு நேரம் பிழையின்றி ஓடியாக வேண்டும். நீண்ட நேர்பாதையில் டயர் ஆறிவிடுவதால் அதன் முடிவில் எடுத்த அளவு ஏமாற்றும் என்பதை அவனே கண்டறிந்தான். அது நான் சொல்லிக் கொடுக்காதது, எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது.

ஆங்கில விளக்கங்களை அரைகுறையாக விளங்கிக்கொண்டு பிறர் அமைத்த அளவுகளையே நம்பியிருக்கும் இத்தகைய மாணவருக்காக, சுருளிவில், அதிர்வு தணிப்பான், டயர் அமுக்கம் ஆகியவை ஒன்றையொன்று எவ்வாறு பாதிக்கின்றன என்பதை விளக்கும் தமிழ்க் கட்டுரைகளைத் தங்கள் வாரப் பதிப்பின் மாணவர் பக்கத்தில் வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தொழில்நுட்பப் பாட ஆசிரியர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.