ஒரே ஒரு கட்டம்: கலை மானியத் தேர்வுக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். என் விண்ணப்பம் மூன்றாவது முறையாகத் திரும்பி வந்துவிட்டது. எந்த விண்ணப்பம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்கு ஓடிய பழைய ஃபெர்ரியின் எஞ்சின் இரைச்சலை மெட்டாக்கி, அதன்மேல் என் கவிதைகளை அசை அசையாக உடைத்துச் சொல்லும் 40 நிமிட நிகழ்ச்சி, அதுதான்.

முதல் முறை 'இசை' கட்டத்தில் குறியிட்டேன். ஸ்வரக் குறிப்பு எங்கே என்றீர்கள். மறு ஆண்டு 'இலக்கியம்'. அச்சான நூல் எங்கே என்றீர்கள். இந்த முறை இரண்டிலும் குறியிட்டேன். 'ஒன்றை மட்டும் தேர்வு செய்யவும்' என்ற வரியைச் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பியிருக்கிறீர்கள்.

நேரில் விளக்கலாமே என்று ரயிலேறிக் கோலாலம்பூருக்கும் வந்தேன். கவுண்டரில் இருந்த தம்பியிடம் ஹெட்போனைக் கொடுத்துப் பதிவைப் போட்டுக் காட்டினேன். பொறுமையாகத்தான் கேட்டார். இரண்டு நிமிடம் கழித்து ஒரு காதை மட்டும் விலக்கி, "ஐயா, பாட்டு எப்ப வரும்?" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையில் இருந்த விண்ணப்பப் பாரம் அப்படி.

இயல், இசை, நாடகம் சேர்ந்ததுதான் முத்தமிழ் என்று மேடைக்கு மேடை முழங்குகிறோம். பாரத்துக்கு வந்ததும் மூன்றும் மூன்று கவுண்டர். திருப்புகழ் பாடிய அருணகிரிநாதரே வந்து 'தனதன தானன' என்று சந்தக் குழிப்பை நீட்டினாலும், "இது பாட்டா, கவிதையா, முதலில் முடிவு பண்ணுங்கள்" என்பீர்கள் போலிருக்கிறது. அமெரிக்காவின் ஜான் கேஜ் 1952இல், வாத்தியக்காரர் 4 நிமிடம் 33 விநாடி எதையும் வாசிக்காமல் உட்கார்ந்திருக்கும் ஒரு படைப்பை எழுதினார். அதையும் இசை என்றே உலகம் பேசுகிறது. அவர் கவிதையும் எழுதியவர். நல்லவேளை, உங்களிடம் விண்ணப்பிக்கவில்லை.

சரி, கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மானியத்தை எனக்கே கொடுங்கள் என்று கேட்கவில்லை. கேட்டுப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்று நிராகரியுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். கேட்காமலே கட்டத்தைக் காட்டித் திருப்பாதீர்கள். அந்த 'ஒன்றை மட்டும்' வரியை அடுத்த பாரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அது ஒன்றுதான் என் கோரிக்கை.

அப்புறம், பாரம் திரும்பி வந்தது, அதோடு வைத்த பென்டிரைவ் வரவில்லை. அந்த ஃபெர்ரிகள் இப்போது ஓடுவதில்லை, மறுபடி பதிவு செய்ய வழியில்லை. தயவுசெய்து தேடி அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
பினாங்கிலிருந்து ஒரு விண்ணப்பதாரர்